கேள்வி பதில்: டெல்டாவில் சிறுபான்மையினர் தொழில் தொடங்க

வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்பதால் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள்.

கும்பகோணம்: நாங்கள் சௌராஷ்டிர நெசவாளர்கள். மொழிச் சிறுபான்மைதானே, டாம்கோ (தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம்) கடன் கிடைக்குமா?

கிடைக்காது ஐயா. டாம்கோ மதச் சிறுபான்மையினருக்கு மட்டும்தான். நீங்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவதால் அவர்களுக்கான அரசுக் கடன் கழகமான டாப்செட்கோவில் கேளுங்கள்.

கூத்தாநல்லூர்: 8 லட்சத்தில் தையல் கூடம் போடுகிறேன். பிஎம்இஜிபி (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) மானியம் எப்போது கைக்கு வரும்?

கைக்கு வராது அக்கா. இதை நம்பி வட்டிக்கு வாங்கி மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால் நிதானமாகப் படியுங்கள். சிறுபான்மையினர் போட வேண்டிய சொந்தப் பணம் 5 சதவீதம், உங்களுக்கு 40,000 ரூபாய். மீதி 7.60 லட்சம் வங்கிக் கடன். மானியம் மொத்தத் திட்டச் செலவில் நகரத்தில் 25, கிராமத்தில் 35 சதவீதம். உங்கள் ஊர் நகராட்சி, எனவே 2 லட்சம். பக்கத்துக் கிராமத்தில் கூடம் போட்டால் 2.80 லட்சம்! அந்தப் பணம் உங்கள் பெயரில் 3 வருடம் வங்கியிலேயே வைப்பாக இருக்கும். அதற்கு வட்டி வராது. கடனில் அந்தத் தொகைக்கு ஈடான பகுதிக்கு வட்டி கட்டவும் வேண்டாம். தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள்.

மன்னார்குடி: 6 லட்சம் கடனுக்கு வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள்.

கொடுக்காதீர்கள் தம்பி. சிறுதொழிலுக்கு இந்த அளவுக் கடன் தரும்போது சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000-இல் தொடங்கிய, கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு தரும் உத்தரவாத நிதி இருப்பதே இதற்குத்தான். தனியார் வங்கிக்கும் அது உண்டு. ஆனால் பத்திரத்துக்குப் பதில், தொழில் நடப்பதைக் காட்டும் ஏதாவது ஒன்றைக் காட்டுங்கள். என்னிடம் கடன் கேட்டு வந்த ஒரு அம்மா மஞ்சள் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து வைத்தார். பள்ளிச் சீருடை ஆர்டர், தோள் அளவு, வாங்கிய முன்பணம் எல்லாம் பென்சிலில் வரிசையாக இருந்தன. அன்றே பரிந்துரை எழுதினேன்.

நாகூர்: கணவர் இல்லை. இடியாப்பக் கடைக்குக் கொஞ்சம் பணம் போதும், வட்டிக் கடன் வேண்டாம்.

முஸ்லிம் மகளிர் உதவும் சங்கத்தை நாடுங்கள் அம்மா. ஆட்சியர் தலைமையில் மாவட்டந்தோறும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் தரும் நன்கொடையோடு அரசு தன் பங்கையும் சேர்த்துக் கொடுக்கிறது. எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். ஆட்சியர் அலுவலகத்தில் சிறுபான்மையினர் நல அலுவலரைப் பாருங்கள். கணவரின் இறப்புச் சான்றிதழும் ரேஷன் அட்டையும் கையில் இருக்கட்டும்.

பாபநாசம்: பிஎம்இஜிபி விண்ணப்பம் போட ஒருவர் 10,000 கேட்கிறார்.

ஒரு ரூபாய்கூடத் தராதீர்கள். இணையத்தில் இலவசம், மாவட்டத் தொழில் மையத்திலும் உதவுவார்கள்.