கோச்சை நீக்கிவிட்டார்கள், பையனின் ஸ்காலர்ஷிப் என்னாகும்?

கேள்வி: நாங்கள் டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் இருக்கிறோம். மகன் பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அங்கே அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் கிக்கர் (பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பவன்), முழு ஸ்காலர்ஷிப். 16 வருடமாகத் தலைமைக் கோச்சாக இருந்தவர் எங்கள் வீட்டுக்கே வந்து, இட்லி சாப்பிட்டு, "பையனை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னதால்தான் சேர்த்தோம். போன மாதம் அவரை நீக்கிவிட்டார்கள். புதியவர் இன்னும் வரவில்லை. ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தினமும் போன் செய்கிறார். இன்றைக்கே டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் (கல்லூரி மாற விரும்பும் வீரர்களின் பட்டியலில்) பெயர் கொடுக்கத் தயாராகுங்கள், புது கோச் வந்தால் முதல் வேலையாக ஸ்காலர்ஷிப்பை எடுத்துவிடுவார் என்கிறார். தூக்கமே வரவில்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் அந்த ஏஜென்ட்டின் போனை எடுக்காதீர்கள் அம்மா. மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் பையனுக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தது அந்தக் கோச் அல்ல, பல்கலைக்கழகம். சேரும்போது நீங்களும் பையனும் கையெழுத்துப் போட்ட நிதி உதவி ஒப்பந்தம் வீட்டில் எங்காவது ஃபைலில் இருக்கும். அதைத் தேடி எடுங்கள். கோச் இருக்கும்வரைதான் இந்த உதவி என்று அதில் எங்கேயும் இருக்காது. 2024 அக்டோபர் வரை இதோடு தேசிய சேர்க்கைக் கடிதம் என்று தனியாக ஒன்று இருந்தது. அதுவும் கோச்சோடு அல்ல, கல்லூரியோடுதான் ஒப்பந்தம் என்றே சொன்னது. இப்போது அது கிடையாது, நிதி ஒப்பந்தம் மட்டும்தான். அது எந்த ஆண்டு வரைக்கும் என்று பாருங்கள். ஒரு வருடமா, படிப்பு முடியும்வரையா என்பது முதல் பக்கத்திலேயே இருக்கும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பெரிய கூட்டமைப்பு ஒன்றைச் சேர்ந்த கல்லூரி போலத் தெரிகிறது. அங்கெல்லாம் 2015-லிருந்து ஒரு விதி உண்டு. பையன் சரியாக ஆடவில்லை, காயம் பட்டுவிட்டது, புது கோச்சுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஸ்காலர்ஷிப்பை நிறுத்த முடியாது. படிப்பில் தகுதி இழந்தால் நிறுத்தலாம். பொய்த் தகவல் கொடுத்திருந்தாலோ, பெரிய ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானாலோ நிறுத்தலாம். நாலாவதாக ஒன்று இருக்கிறது: பையன் தானாக விலகினால்.

அந்த நாலாவதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். புது கோச் வந்ததும் ஒவ்வொரு பையனையும் அறைக்குக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுவார். "நீ நல்ல பையன், ஆனால் என் திட்டத்தில் உனக்கு இடம் தெரியவில்லை, வேறு இடம் பார்ப்பது உனக்கே நல்லது" என்பார். குரல் அவ்வளவு கனிவாக இருக்கும். பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது கட்டளை மாதிரி கேட்கும். வெளியே வந்ததும் போர்ட்டலில் பெயர் கொடுத்துவிடுவான். ஏட்டில் என்ன பதிவாகும்? கல்லூரி நீக்கியது என்று அல்ல, மாணவர் தானாக விலகினார் என்று. பெயர் கொடுத்துவிட்டால் அந்தப் பருவம் முடிந்ததும் உதவியை நிறுத்தக் கல்லூரிக்கு உரிமை வந்துவிடுகிறது. திரும்ப எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பது அவர்கள் இஷ்டம்.

ஆக, கோச் போனதால் உங்கள் ஸ்காலர்ஷிப்புக்கு ஆபத்து இல்லை. அவசரப்பட்டு போர்ட்டலில் ஏறினால் ஆபத்து. "உனக்கு இடம் இல்லை" என்று யார் சொன்னாலும் தம்பி ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: "சரி கோச், அதை எழுத்தில் கொடுங்கள், வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்." பெரும்பாலும் எழுத்தில் வராது. அப்படியே நிதி உதவியைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ, விளையாட்டுத் துறைக்கு வெளியே இருக்கும் குழுவிடம் முறையீடு செய்யும் வாய்ப்பைக் கல்லூரி தந்தாக வேண்டும். அடுத்த ஆண்டு உதவி உண்டா இல்லையா என்பதையும் ஜூலை 1-க்குள் சொல்லியாக வேண்டும்.

இப்போது ஏஜென்ட் விஷயம். கல்லூரி விளையாட்டு அலுவலகங்களில் விதிமுறை பார்க்கிற வேலையில் எனக்குப் பாதி வயது போய்விட்டது. கோச் மாறும் வாரத்தில் வருகிற இந்த ஆட்களைப் போல ஒரு கூட்டத்தை வேறெங்கும் பார்த்ததில்லை. என்எஃப்எல் என்கிற தொழில்முறை ஃபுட்பால் லீக் வீரர்களின் ஏஜென்ட் என்றால் வீரர் சங்கத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், ஒப்பந்தத்தில் 3 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. கல்லூரிப் பையனுக்கு ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்ள அப்படி ஒரு வேலியும் இல்லை. பல மாநிலங்களில் பதிவு கேட்பார்கள், அதோடு சரி. பத்து, இருபது சதவீதம் கூசாமல் கேட்கிறார்கள். அதுவும் போர்ட்டலில் பையன் ஏறினால்தான் அவர்களுக்குக் காசு. ஏறாமல் இருந்த இடத்திலேயே நன்றாக ஆடினால் அவர்களுக்கு ஒரு டாலர் கிடையாது. அதனால்தான் "இன்றைக்கே" என்கிறார்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இப்படித்தான் ஒரு பையன், அவனும் கிக்கர், இன்னொரு கல்லூரியில் நிச்சயமாக இடம் இருக்கிறது என்று ஒரு ஆள் அனுப்பிய மெசேஜை நம்பி ஏறினான். அந்தக் கல்லூரி வேறொரு கிக்கரை எடுத்துக்கொண்டது. ஓர் அணிக்குக் கிக்கர் எத்தனை பேர் வேண்டும், சொல்லுங்கள். ஜூன் மாதம் அவன் அப்பா என் அறையில் உட்கார்ந்து அழுதார். எங்கள் அலுவலகமும் அன்றைக்கு ஏறாதே என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்த படிவத்தில் நேரம் தேதி பார்த்து, இரண்டு வேலை நாளுக்குள் பெயரை ஏற்றிவிட்டோம். விதிப்படி சரியாக இருந்தது.

பெயர் கொடுக்காத பையனிடம் மற்ற கல்லூரிக் கோச்கள் பேசக் கூடாது. இதுவும் விதிதான். அப்படியிருக்க, "அந்தக் கல்லூரியில் உனக்கு இடம் ரெடி" என்று ஒருவர் சொன்னால் ஒன்று பொய் சொல்கிறார், இல்லை விதியை மீறிய தூது கொண்டு வருகிறார். இரண்டில் எதுவானாலும் அவர் சொல்லை நம்பி என்ன செய்ய?

சரி, எவ்வளவு நாள் இருக்கிறது? முன்பு கோச் போன அன்றிலிருந்தே, போர்ட்டலில் பெயர் கொடுக்க 30 நாள் ஜன்னல் திறந்தது. 2025 அக்டோபரில் அதை மாற்றினார்கள். இப்போது புது கோச் பெயரை அறிவித்து ஐந்து நாள் கழிந்த பிறகு 15 நாள். இது போக, எல்லாருக்குமான ஜன்னல் வருடத்துக்கு ஒன்றுதான். 2026-ல் ஜனவரி 2 முதல் 16 வரை இருந்தது. வசந்த காலத்து ஜன்னலை எடுத்துவிட்டார்கள். உங்கள் பையனுக்குத் தேதி என்ன என்பதைக் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் (விதிமுறை பார்க்கிற) அலுவலகத்தில் ஈமெயிலில் கேட்டு வாங்குங்கள். போனில் கேட்காதீர்கள், எழுத்தில் இருக்கட்டும். கோச்சை அனுப்பக் கோடிக்கணக்கில் செலவழிக்கிற இடம், பையனுக்கு யோசிக்கக் கொடுப்பது 15 நாள். பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் 2025 அக்டோபரில் தலைமைக் கோச் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினை அவருடைய 12-வது சீசன் நடுவில் நீக்கியபோது அவருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது சுமார் 4.9 கோடி டாலர். அடுத்த மாதமே அவர் வர்ஜீனியா டெக்கில் சேர்ந்ததால் அது சுமார் 90 லட்சமாகக் குறைந்தது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் 2023-ல் ஜிம்போ ஃபிஷரை அனுப்பியபோது 7.5 கோடிக்கும் மேல். வேலை செய்யாமல் இருக்கச் சம்பளம். இந்தப் பணத்துக்கு யாரும் 15 நாள் கெடு வைப்பதில்லை.

பென் ஸ்டேட்டில் சேருகிறேன் என்று வாய்வார்த்தை கொடுத்திருந்த பள்ளிப் பையன்கள் பலர் ஃபிராங்க்ளின் பின்னாலேயே வர்ஜீனியா டெக்குக்குப் போய்விட்டார்கள். உங்கள் வீட்டில் இட்லி சாப்பிட்டவரும் வேறு வேலை கிடைத்ததும் தம்பியைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் சந்தோஷம்தான். ஆனால் அங்கேயும் ஒப்பந்தம் புதுக் கல்லூரியோடுதான், அவரோடு அல்ல. அவரையும் இரண்டு வருடத்தில் நீக்கலாம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். உங்கள் பையனுக்கு இது பொருந்தாது, ஆனாலும் இதைப் படிக்கிற நம் வீட்டுப் பெற்றோரில் பலருக்குப் பொருந்தும். வாக்-ஆன் பையன்கள். அதாவது ஸ்காலர்ஷிப் இல்லாமல், சொந்தக் காசில் ஃபீஸ் கட்டி அணியில் ஆடுகிறவர்கள். இவர்களுக்கு மேலே சொன்ன ஒரு பாதுகாப்பும் கிடையாது. "அடுத்த வருடம் ஸ்காலர்ஷிப் தருகிறேன்" என்று பழைய கோச் சொல்லியிருப்பார். அந்த வாக்கு அவரோடு போய்விடும். 2025-ல் ஹவுஸ் வழக்கில் (கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தர வழிவிட்ட வழக்கு) வந்த தீர்வுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஃபுட்பால் அணிக்கு 105 பேர்தான் என்று உச்சவரம்பு. முன்பு ஸ்காலர்ஷிப்புக்குத்தான் வரம்பு, 85 பேர். அணியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் நிற்கலாம். இப்போது, பழைய வீரர்கள் சிலருக்கு மட்டும் விலக்கு உண்டு, மற்றபடி 105-க்கு மேல் முடியாது. புது கோச் தன் பழைய கல்லூரியிலிருந்து தனக்குத் தெரிந்த பையன்களை அழைத்து வருவார். அவர்களுக்கு இடம் எங்கிருந்து வரும்? வாக்-ஆன் வரிசையிலிருந்துதான். காரணம் சொல்ல வேண்டாம், எழுத்து வேண்டாம், முறையீடு கிடையாது. வெளிமாநிலக் கட்டணம் கட்டி, "ஃபுட்பால் ஆடுகிறான்" என்பதற்காகவே அந்தக் கல்லூரியைத் தேர்ந்தெடுத்த குடும்பம் என்றால் அடி பெரிது. அவர்கள் ஒன்றைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்: ஃபுட்பால் இல்லாமல் இதே கல்லூரிக்கு இதே பணத்தைக் கட்டுவோமா? இல்லை என்றால் அவர்கள் மட்டும் இப்போதே வேறு இடம் பார்க்கத் தொடங்கலாம். அவர்களுக்குக்கூட ஏஜென்ட் வேண்டாம்.

திரும்ப உங்கள் பையனுக்கு வருகிறேன். நீண்ட நாள் இருந்த கோச் போனால் அணி அழிந்துவிடும் என்று ஒரு பயம் உண்டு. சில இடத்தில் நியாயமான பயம்தான். டென்னசியில் 152 ஆட்டம் வென்ற ஃபிலிப் ஃபுல்மரை 2008-ல் அனுப்பினார்கள். அடுத்து வந்த லேன் கிஃபின் ஒரே சீசனில் வேறு வேலைக்குப் போனார். அதன்பின் அந்த நாற்காலியில் மூன்று பேர் மாறி மாறி உட்கார்ந்து எழுந்தார்கள், 2021-ல் ஜாஷ் ஹைப்பல் வரும்வரை. நடுவில் ஃபுல்மரையே விளையாட்டு இயக்குநராக்கித் திரும்பக் கூப்பிட்டதும் நடந்தது. ஆனால் ஜார்ஜியா 15 சீசன் இருந்த மார்க் ரிக்ட்டை 2015-ல் அனுப்பி, கர்பி ஸ்மார்ட்டைக் கொண்டுவந்து, 2021, 2022 இரண்டு சீசனிலும் தேசியப் பட்டம் வென்றது. டிசியூ (டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) கதை உங்களுக்கு இன்னும் பக்கம், ஃபோர்ட் வொர்த்தில்தான். இருபது வருடத்துக்கு மேல் இருந்த கேரி பேட்டர்சன் 2021 சீசன் நடுவில் வெளியேறினார். அவர் சேர்த்த குவார்ட்டர்பேக் (ஆட்டத்தை வழிநடத்திப் பந்தை வீசுபவர்) மேக்ஸ் டகன் போகவில்லை. புது கோச் சானி டைக்ஸ் 2022-ல் முதலில் வேறொருவரை ஆட விட்டார். அவருக்குக் காயம் பட்டதும் டகன் உள்ளே வந்து அணியைத் தேசிய இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதில் இரண்டாவது இடம். இறுதியில் ஜார்ஜியாவிடம் 65-7 என்று உதை வாங்கினார்கள், அது வேறு விஷயம். எல்லாருக்கும் இப்படி அமையாது. ஆனால் இருந்து பார்ப்பதும் ஒரு வழிதான் என்பதை ஏஜென்ட் உங்களிடம் சொல்ல மாட்டார்.

கிக்கர் என்பதால் தலைமைக் கோச்சைவிட ஸ்பெஷல் டீம்ஸ் கோச் (கிக்கர்களைப் பார்த்துக்கொள்பவர்) யார் என்பதுதான் உங்களுக்கு முக்கியம். அவர் பெயர் தெரியும்வரை எதையும் முடிவு செய்யாதீர்கள். கல்லூரி நேரடியாகப் பணம் தரும் வருவாய்ப் பங்கு ஒப்பந்தம் ஏதாவது தம்பி போட்டிருந்தால், பாதியில் போனால் திருப்பிக் கட்டவேண்டும் என்ற வரி இருக்கிறதா என்று ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். மணிக்கணக்கில் கட்டணம் வாங்குகிற வக்கீல், சதவீதம் கேட்கிறவர் அல்ல.

படிப்பையும் கணக்கில் வையுங்கள். மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டுப் பாடங்களை இன்னொரு கல்லூரி முழுதாக ஏற்றுக்கொள்ளும் என்று நம்ப முடியாது. மூன்றாம் ஆண்டு தொடங்கும்போது பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடிந்திருந்தால்தான் ஆட முடியும். பத்துப் பன்னிரண்டு கிரெடிட் கழிந்துபோனால் பையன் புது ஊரில் சீருடை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்தப் பருவத்திலும் ஃபுட்பால் மாணவர்கள் ஒன்பது கிரெடிட்டாவது தேற வேண்டும், தேறாவிட்டால் அடுத்த சீசனின் முதல் நாலு ஆட்டம் போச்சு. எந்தக் கல்லூரிக்குப் போனாலும் அது கூடவே வரும். தம்பிக்குப் பரீட்சை எப்போது ஆரம்பம்?