உதவி மேலாளர் என்றால் ஓவர்டைம் கிடையாதா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு கடையில் உதவி மேலாளராக இருக்கிறேன். வாரச் சம்பளம் 800 டாலர். 50 மணி நேரம் வேலை. நிலையான சம்பளக்காரருக்கு ஓவர்டைம் இல்லை என்கிறார்கள். உண்மையா?

பதவிப் பெயரை வைத்து எதுவும் முடிவாகாது. 1938-ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சட்டப்படி, வாரத்தில் 40 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றரை மடங்கு ஊதியம் தர வேண்டும். மேலாளருக்கு விலக்கு உண்டு, ஆனால் நிபந்தனையோடு. முதலாவது, வாரம் 684 டாலருக்குக் குறையாத நிலையான சம்பளம். 2024-ல் இந்த வரம்பை உயர்த்தினார்கள். அதே ஆண்டு நவம்பரில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்ததால் பழைய வரம்புக்கே திரும்பிவிட்டது. அதை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

ஆகவே, உங்களுக்கு ஓவர்டைம் உண்டா இல்லையா என்பது அன்றாட வேலையில்தான் இருக்கிறது. நிர்வாகமே உங்கள் முதன்மைப் பணியா? குறைந்தது இரண்டு முழுநேர ஊழியர்களை வழக்கமாக மேற்பார்க்கிறீர்களா? ஆளெடுப்பதிலும் நீக்குவதிலும் உங்கள் சொல் எடுபடுகிறதா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால்தான் மேலாளர் விலக்கு பொருந்தும். பெட்டி பிரித்து அடுக்கி, கல்லாவில் நிற்பதே பொழுதென்றால், சட்டையில் குத்திய பெயர்ப்பட்டை முதலாளிக்கு உதவாது.

தொகை எவ்வளவு? 800 டாலர் 40 மணி நேரத்துக்கானது என்றால் மணிக்கு 20; கூடுதல் 10 மணிக்கு 30 வீதம் வாரம் 300 டாலர். வேலை செய்யும் எல்லா மணிக்கும் சேர்த்தே அந்தச் சம்பளம் என்று முதலாளி நிறுவிவிட்டால் மணிக்கு 16 ஆகிவிடும். 50 மணிக்கும் ஒரு மடங்கு ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்பதால், கூடுதல் 10 மணிக்குப் பாதியான 8 மட்டும் சேர்த்து வாரம் 80 டாலர்தான் தேறலாம். வேலை உத்தரவில் மணிக்கணக்கு என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஒரு வாரம் 50, மறுவாரம் 30, சராசரி 40 என்று கணக்குக் காட்டுவது செல்லாது. தனியார் நிறுவனம் ஓவர்டைமுக்குப் பதிலாக வேறொரு வாரத்தில் விடுப்பு கொடுத்துச் சரிக்கட்டவும் முடியாது.

வந்த நேரம், போன நேரம், செய்த வேலை மூன்றையும் அன்றன்றே சொந்த நோட்டில் குறியுங்கள். கடைக் கணினியில் வேண்டாம், வேலை போனால் அதுவும் போகும். மாநிலச் சட்டத்தையும் பாருங்கள். கலிபோர்னியாவில் நாளுக்கு 8 மணி தாண்டினாலே ஓவர்டைம்; விலக்குக்கான சம்பள வரம்பும் அதிகம்.

தொழிலாளர் துறையின் ஊதிய, பணிநேரப் பிரிவில் இலவசமாகப் புகார் தரலாம். அதற்காகப் பழிவாங்குவது குற்றம். ஆனால் புகார் கொடுத்ததால், வழக்கு தொடுப்பதற்கான காலக்கெடு நிற்காது. கூட்டாட்சிச் சட்டப்படி இரண்டு ஆண்டு, வேண்டுமென்றே மீறியிருந்தால் மூன்று. வழக்கு தொடுக்கும் நாள்வரை ஒவ்வொரு சம்பள நாளாகப் பழைய பாக்கி கழிந்துகொண்டே போகும்.