ஒரு கால் மட்டும் சில்லிட்டுப் போவது ஏன்?

கேள்வி: எனக்கு 58 வயது. சர்க்கரை நோய் உண்டு, சிகரெட்டும் பிடிக்கிறேன். சில மாதங்களாக வலது பாதம் மட்டும் சில்லென்று இருக்கிறது. கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. கட்டைவிரலில் பட்ட சின்னக் காயம் மூன்று வாரமாகியும் ஆறவில்லை. இது நரம்புத் தளர்ச்சியா? ராத்திரியில் வெந்நீர்ப் பை வைத்துக்கொள்கிறேன், தொடரலாமா?

பதில்: வெந்நீர்ப் பையை இன்றே நிறுத்திவிடுங்கள். காரணத்தை அப்புறம் சொல்கிறேன்.

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். பாதத்தில் பெரிய தசைகள் இல்லை. அங்கே சூடு அதிகம் உண்டாவதில்லை. சூட்டையும் ஆக்சிஜனையும் ரத்தம்தான் கொண்டுவர வேண்டும். வரத்து குறைந்தால் இரண்டுமே குறையும்.

குழாயின் உள்விட்டம் பாதியானால் அந்த இடத்தில் தடை 16 மடங்காகிறது. ஆனாலும் ஆரம்பத்தில் எதுவும் தெரியாது. அடைப்புக்குக் கீழே இருக்கிற சிறு நாளங்கள் விரிந்து சமாளிக்கும்; பக்கத்துக் கிளைகள் மெல்லப் பெருத்துச் சுற்றுவழியில் ரத்தம் தரும். உட்கார்ந்திருக்கும் காலுக்கு அது போதும். நடக்கும்போது தசை பல மடங்கு ரத்தம் கேட்கும். ஏற்கெனவே விரிந்துவிட்ட நாளம் இன்னும் எவ்வளவுதான் விரியும்? அப்போதுதான் வலிக்கிறது. காயத்துக்கும் இதே கதைதான்: நல்ல தோலைக் காப்பாற்றப் போதுமான ரத்தம், புண்ணை ஆற்றப் போதாது. சில்லிப்பைவிட அந்தக் காயம்தான் எனக்குக் கவலை தருகிறது.

இப்போது வெந்நீர்ப் பை. சூடேற்றினால் திசுவின் ஆக்சிஜன் தேவை கூடும், வரத்து கூடாது. மேலே பட்ட சூட்டை வாங்கிக்கொண்டு போகவும் ஓட்டம் போதாமல், சூடு அங்கேயே தேங்கும். சர்க்கரையால் பாதம் மரத்திருந்தால் வெந்துபோவதுகூடத் தெரியாது. தளர்வான காலுறை போதும்.

இந்த வாரமே ரத்தநாள அறுவை மருத்துவரைப் பாருங்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடும் 'ஏபிஐ' பரிசோதனை எளிது, வலிக்காது. கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் அளவு 0.9 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று பொருள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடுவதால், இந்த அளவு பொய்யாக நன்றாகவே வரலாம். அதனால் கால்விரல் அழுத்தமும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் தேவையா என்று கேளுங்கள். நடைப்பயிற்சி நல்ல மருந்துதான். ஆனால் காயத்தை மருத்துவர் பார்த்த பிறகே தொடங்குங்கள். சிகரெட்டை விடாமல் எந்த மருந்தும் முழுப் பலன் தராது. தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கால் திடீரென வெளுத்து, மரத்து, பொறுக்க முடியாமல் வலித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சில மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்பாவிட்டால் காலையே இழக்க நேரலாம்; நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.