கேளுங்கள்: ஜூலை 23-ஐப் பதிவு செய்வது எப்படி?

கே: 1999 ஜூலை 23-ல் நெல்லையில் ஊர்வலம் போனவர்கள் போலீஸ் தடியடியில் ஆற்றுப் பக்கம் ஓடி மாண்ட தாமிரபரணிச் சம்பவத்தைக் கண்டவர்களை எங்கள் மாணவர்கள் பேட்டி எடுக்கப்போகிறார்கள். எதைக் கவனிக்க வேண்டும்? (வாசகி, மேலப்பாளையம்)

ப: எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்காதீர்கள். முதலில் பேசுபவர் சொல்வதே மற்றவர்களின் ஞாபகமாகிவிடும். தனித்தனியாக முக்கால் மணி நேரம் போதும். ‘போலீஸ் அடித்ததுதானே?’ என்று பதிலை ஊட்டாமல், சம்பவம் நடந்த கொக்கிரகுளத்தின் வரைபடத்தைக் காட்டி, ‘எங்கே நின்றீர்கள், எந்தப் பக்கம் ஓடினீர்கள்?’ என்று கேளுங்கள். கண்டது, பிறர் சொன்னது, பிறகு டிவியில் பார்த்தது மூன்றையும் பிரித்துக் குறியுங்கள். இத்தனை வருஷத்தில் இவை கலந்துதான் வரும், அது பொய்யல்ல. பெயரை வெளியிட எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். ஒலிப்பதிவின் பிரதிகள் வேறு வேறு இடங்களில் இருக்கட்டும்.

அரசு ஆவணங்களுக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். 20 ஆண்டு கடந்த நிகழ்வு என்பதால் தகவல் உரிமைச் சட்டத்தின் பிரிவு 8(3)-ஐக் குறிப்பிடுங்கள். மறுப்பதற்கான காரணங்களில் பல அடிபட்டுப்போகும். 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு.

கே: 1908 நெல்லை எழுச்சிக்கு வரலாற்றில் கிடைத்த இடம் 1999 சம்பவத்துக்கு ஏன் இல்லை? (வாசகர், பேட்டை)

ப: வ.உ.சி., சுப்பிரமணிய சிவா கைதுக்கு மறுநாள், மார்ச் 13-ல் நெல்லையில் சுட்டது வெள்ளையர் அரசு. பலியான 4 பேரும் சுதந்திரக் கதையில் எளிதாகச் சேர்ந்தார்கள். 1999-ல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நடந்த ஊர்வலத்தில் 17 பேர் மாண்டபோது தடியெடுத்தது நாமே ஓட்டுப்போட்ட அரசு. தன்னைக் குற்றம் சொல்லும் நினைவுச்சின்னத்தை எந்த அரசும் லேசில் கட்டாது. அதனால்தான் மாணவர்களின் பதிவு அவசியம். சாட்சிகளுக்கு வயதாகிறது, இந்த வருஷமே தொடங்கச் சொல்லுங்கள்.