ஆடித் தள்ளுபடியில் குலைந்த முடிவு

வணக்கம் சகோதரி. ஓராண்டுக்குப் புதுத்துணி எடுப்பதில்லை என்று தையில் முடிவெடுத்தும், ஆடித் தள்ளுபடி அறிவிப்பு கைபேசியில் வந்தவுடன் மூன்று புடவைகள் வாங்கிவிட்டதாக வருந்தி எழுதியிருக்கிறீர்கள். மன உறுதி இல்லையென்று உங்களையே நொந்துகொள்ள வேண்டாம். வங்கி அட்டை விவரத்தையும் முகவரியையும் செயலி சேமித்து வைத்திருக்கும்போது, யோசிப்பதற்குள் பணம் போய்விடுகிறது. அந்த விவரங்களை நீக்கி, அறிவிப்புகளையும் நிறுத்திவிடுங்கள். எனக்கு அதைவிடப் பெரிதும் உதவியது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டுப்புடவைகளை எல்லாம் பாயில் விரித்து மடிப்பு மாற்றி வைத்ததுதான்: நெடுநாள் ஒரே மடிப்பில் கிடந்த அரக்குப் புடவையின் சரிகை மடிப்போரத்தில் இற்றுப்போயிருந்தது, அதனடியில், விலைச்சீட்டுகூடப் பிரிக்காத இரண்டு புடவைகள் இருந்தன. நீங்கள் வாங்கிய மூன்றையும் உடுத்தவில்லையென்றால், திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டதா என்று இன்றே பாருங்கள்.