தண்ணீர் பாட்டிலில் வரும் குமிழி குழந்தையின் மூச்சுக்கு எப்படி உதவுகிறது?

வென்டிலேட்டர் இல்லாத ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வந்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் கைகொடுப்பது பபிள் சிபாப் (bubble CPAP), அதாவது மூக்கு வழியே விடாமல் லேசான அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் எளிய முறை.

குறைமாதக் குழந்தையின் நுரையீரலில் காற்றறைகள் மூச்சை விடும்போதெல்லாம் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அவற்றை மறுபடி விரிக்கப் போராடியே பிள்ளை களைத்துவிடும். நெஞ்சு உள்வாங்கி உள்வாங்கி எழுவதைப் பார்த்தால் மனசு தாங்காது. பபிள் சிபாப்பில் மூக்கு வழியே காற்றும் ஆக்சிஜனும் போய்க்கொண்டே இருக்கும். வெளியேறும் குழாயின் நுனி தண்ணீர் பாட்டிலுக்குள் முங்கியிருக்கும். 6 செ.மீ. ஆழத்தில் வைத்தால் 6 செ.மீ. நீரழுத்தம், அவ்வளவுதான். அந்த அழுத்தம் காற்றறைகளை மூடவிடாது. குமிழி நின்றுபோனால் எங்கோ கசிகிறது என்று நர்ஸ் உடனே கவனிப்பார்.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் மீன்தொட்டிப் பம்பை வைத்து இதற்கு மலிவான கருவி செய்தார்கள். ஆப்பிரிக்க நாடான மலாவியில் நடந்த ஆய்வில் (2014), வெறும் ஆக்சிஜன் பெற்ற பச்சிளங்குழந்தைகளில் 44 சதவீதம் பிழைத்தார்கள். இந்தக் கருவியோடு 71 சதவீதம்.