பேஸ்மென்ட் தரை: பெட்டியில் வாட்டர்ப்ரூஃப் என்று இருந்தால் போதுமா?

கேள்வி: வீட்டுக்குக் கீழே ஒரு பேஸ்மென்ட் அறை இருக்கிறது. இதுவரை வெறும் காங்கிரீட் தரைதான், பழைய சாமான்களைப் போட்டு வைத்திருந்தோம். இப்போது பிள்ளைகள் படிக்கவும் விருந்தாளி வந்தால் தங்கவும் அதைச் சரிசெய்ய நினைக்கிறோம். கடையில் வாட்டர்ப்ரூஃப் வினைல் பலகை போடச் சொல்கிறார்கள், என் கணவருக்கு மரத்தரை மேல் ஆசை. தரை காய்ந்துதான் இருக்கிறது, ஒரு மூலையில் மட்டும் லேசாக வெள்ளைப் பொடி தெரிகிறது. எதை வாங்கலாம்?

பதில்: போகிற போக்கில் வெள்ளைப் பொடி என்று சொல்லிவிட்டீர்களே, அதிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். பெரும்பாலும் அது உப்பாகத்தான் இருக்கும். காங்கிரீட் பார்க்கக் கல் மாதிரி இருந்தாலும் உள்ளே முழுக்க நுண்துளைகள். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல மண்ணில் இருக்கும் ஈரத்தை அது இழுக்கும். அந்த ஈரம் வழியில் இருக்கும் உப்பைக் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது, தண்ணீர் காற்றோடு போய்விட உப்பு மட்டும் தரையில் தங்கிவிடுகிறது. அதாவது உங்கள் தரையில் ஓதம் ஏறுகிறது. இப்போது காய்ந்த மாதிரி தெரிவதற்குக் காரணமே, ஏறுகிற ஈரம் அவ்வப்போது ஆவியாகிப் போக வழி இருப்பதுதான். மேலே ஒரு தரையைப் போட்டு மூடினால் அந்த வழி அடைபடும்.

வாட்டர்ப்ரூஃப் என்று பெட்டியில் எழுதியிருப்பது அந்தப் பலகையைப் பற்றியது. மேலே ஒரு சொம்பு தண்ணீர் கொட்டினால் பலகை ஊறாது, அவ்வளவுதான். பலகைக்கு அடியில், காங்கிரீட்டுக்கும் அதற்கும் நடுவில் என்ன நடக்கும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

நானே இதில் பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கீழ் அறையில் 72 மணி நேரம் தண்ணீர் தாங்கும் என்று சொல்லி விற்ற லேமினேட் பலகையை (மரத்தூளை அழுத்திச் செய்து மேலே மர ரேகை அச்சு ஒட்டியது) போட்டோம். இரண்டாவது மழைக்காலத்தில் பலகைகள் சேரும் இடமெல்லாம் விளிம்பு உப்பி, வெறுங்காலில் நடந்தால் தடுக்க ஆரம்பித்தது. சுவரோரத்தில் ஒன்றைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். மேல்பக்கம் வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளப்பு, அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம். கீழே விரித்திருந்த ஃபோமில் வியர்த்த மாதிரி நீர்த்துளிகள், நனைந்த சாக்கு நாற்றம். அதற்கப்புறம்தான் வாரண்டி அட்டையை முழுசாகப் படித்தேன். 72 மணி நேரம் என்பது மேலே சிந்தும் தண்ணீருக்கு மட்டும், தரைக்கு அடியிலிருந்து வரும் ஈரத்தால் ஆகும் சேதம் சேராது என்று சின்ன எழுத்தில் தெளிவாகவே போட்டிருந்தார்கள். வாங்கும் முன்பே படித்திருக்க வேண்டியது. நீங்கள் படித்துவிட்டு வாங்குங்கள்.

சரி, முதலில் செய்ய வேண்டியது ஒரு சோதனை, செலவே கிடையாது. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் தடிமனான, கண்ணாடி போலத் தெரியும் பாலித்தீன் ஷீட்டை வெட்டி, தரையை நன்றாகத் துடைத்துவிட்டு, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டுங்கள். நடுவில் ஒன்று, சுவரோரம் ஒன்று, அந்த உப்புப் பூத்த மூலையில் ஒன்று. குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும், இரண்டு மூன்று நாள் விட்டாலும் நல்லதுதான். அப்புறம் எடுத்துப் பாருங்கள். ஷீட்டின் அடிப்பக்கம் நீர் கோத்திருந்தாலோ, மூடியிருந்த இடத்தில் காங்கிரீட் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்திருந்தாலோ ஈரம் கீழிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது அறைக் காற்றில் உள்ள ஈரம், குளிர்ந்த தரையில் பட்டுப் படிகிறது, அதற்கு வைத்தியம் வேறு. வெயில் காலத்தில் செய்து ஒன்றும் தெரியவில்லை என்றால் அதை நம்பிவிட வேண்டாம், நல்ல மழைக்குப் பிறகு இன்னொரு முறை செய்யுங்கள். இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால், காங்கிரீட்டின் தடிமனில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட்டு உள்ளே ஈரப்பதத்தை அளக்கும் கருவி உண்டு, தரை போடும் நல்ல ஆட்களிடம் இருக்கும். அதில் வரும் எண்ணை நீங்கள் வாங்கப்போகும் பொருளின் கையேட்டில் போட்டிருக்கும் வரம்போடு ஒப்பிட வேண்டும். ஒரு பொருளுக்கு 75 சதவீதம் என்று இருக்கும், இன்னொன்றுக்கு 85 என்று இருக்கும்.

தரையில் தண்ணீரே தேங்குகிறது, சுவர் விரிசலில் கசிகிறது என்றால் இப்போதைக்கு எந்தத் தரையும் வாங்காதீர்கள். மாடித் தண்ணீர் விழும் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா, வெளியே மண் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறதா என்று பாருங்கள், அதைச் சரிசெய்யாமல் உள்ளே போடுகிற காசு வீண்.

இனி எதை வாங்குவது. சோதனையில் ஷீட் நனைந்தால் நான் யோசிக்காமல் விட்ரிஃபைட் அல்லது போர்சலின் டைல்ஸ் என்றுதான் சொல்வேன். அதன் நீர் உறிஞ்சும் அளவு 0.5 சதவீதமோ அதற்குக் குறைவோ இருக்கும், அந்த எண் பெட்டியில் இருக்கிறதா பாருங்கள். சுவர் டைல்ஸ் 10 சதவீதத்துக்கு மேல்கூட உறிஞ்சும், மலிவாகக் கிடைக்கிறதே என்று அதைத் தரைக்கு எடுத்துவிடக் கூடாது. பளபளப்பு வேண்டாம், மேட் எனப்படும் மங்கலான வகையை எடுங்கள், பேஸ்மென்டில் தரை வியர்த்தால் வழுக்கும். டைல்ஸ் இடுக்கில் சிமென்ட் கலவைக்குப் பதில் எபாக்ஸி என்ற ரெசினால் ஆன க்ரௌட் (இடுக்கை நிரப்பும் கலவை) போடச் சொல்லுங்கள், அது ஈரத்தை உறிஞ்சாது, கறையும் எளிதில் பிடிக்காது. ஒட்டும் கலவையும் ஈரமான காங்கிரீட்டுக்கு ஏற்றதுதானா என்று கேளுங்கள். ஒரே குறை, கால் சில்லென்று இருக்கும்.

ஈரம் கொஞ்சம்தான் என்றால் எஸ்.பி.சி. வினைல் போடலாம், சுண்ணாம்புக்கல் தூளும் பி.வி.சி.யும் கலந்த கெட்டியான பலகை அது. ஒட்டுகிற வகை வேண்டாம், ஒன்றோடொன்று கோத்து மிதக்கவிடும் வகைதான் நல்லது. ஓதத்தோடு காங்கிரீட்டின் காரத்தன்மையும் மேலே வந்து பசையை இளக்கிவிடும். அடியில் ஈரம் தடுக்கும் ஷீட் போட வேண்டும். புடைப்புப் புடைப்பாக இருக்கும் பிளாஸ்டிக் விரிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது, காற்று போக அடியில் கொஞ்சம் இடைவெளி கிடைக்கும். எதைப் போட்டாலும் அந்த பிராண்டின் கையேடு அதை அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வாரண்டி போய்விடும்.

உங்கள் கணவரிடம் மெதுவாகச் சொல்லுங்கள், முழு மரம் அங்கே வேண்டாம். ஈரம் ஏறினால் மரம் விரியும், காய்ந்தால் சுருங்கும், பேஸ்மென்டில் இது ஓயாமல் நடக்கும். மர ரேகை அச்சிட்ட நீளமான டைல்ஸ் இப்போது நன்றாகவே வருகிறது, கடைக்கு அவரையும் கூட்டிப்போய்த் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: டைல்ஸ், வினைல் எல்லாம் எதற்கு, எபாக்ஸி பெயின்ட் பூசிவிட்டால் ஓதம் நின்றுவிடாதா?

பதில்: நிற்காது. மேலே வர வழியில்லாமல் ஈரம் முட்டும்போது பூச்சு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, பாளம் பாளமாக உரியும். காங்கிரீட்டின் மேற்பரப்பை மெஷின் போட்டுத் தேய்த்து, ஈரத்தைத் தாங்கும் ப்ரைமர் அடித்து, அதற்கு மேல் பூசினால் பூச்சு உரியாமல் நிற்கும். அதைச் செய்யத் தெரிந்த ஆள் கிடைத்தால் பேஸ்மென்டுக்கு எபாக்ஸி நல்ல தரைதான். தரையைக் கூட்டிவிட்டு அப்படியே பூச வருகிறவரை அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: கார்பெட்?

பதில்: சுவரோடு சுவர் ஒட்டுகிற கார்பெட் வேண்டவே வேண்டாம். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயவைக்காவிட்டால் பூஞ்சணம் வரும், ஒட்டிய கார்பெட்டை எப்படிக் காயவைப்பீர்கள்? வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே செய்யாதீர்கள். எடுத்து வெயிலில் போடக்கூடிய சின்ன விரிப்பு போதும்.

கேள்வி: எங்களுடையது புது வீடு, பேஸ்மென்ட் காங்கிரீட் போட்டு 2 மாதம் ஆகிறது. தரை வேலையை ஆரம்பிக்கலாமா?

பதில்: பொறுங்கள். ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு, அதன்படி 4 அங்குலத் தரைக்கு 4 மாதம். நீராற்றும் நாட்களை இதில் சேர்க்கக் கூடாது. அறை மூடியே கிடந்தாலோ மழைக்காலமாக இருந்தாலோ இன்னும் இழுக்கும், ஆகவே மாதக் கணக்கை மட்டும் நம்பாமல் மேலே சொன்ன பாலித்தீன் சோதனையையும் செய்துவிடுங்கள்.

கேள்வி: கடையில் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: தரைமட்டத்துக்குக் கீழே போடலாம் என்று கையேட்டில் எழுதியிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. விற்பவர் வாயால் சொன்னது போதாது, அச்சில் காட்டச் சொல்லுங்கள், காட்டவில்லை என்றால் வேறு பொருள் பாருங்கள். பில்லில் மாடல் பெயரும் பேட்ச் எண்ணும் இருக்கட்டும். வெட்டிக் கழிவதற்கும் பின்னால் மாற்றுவதற்கும் சேர்த்து 10 சதவீதம் கூடுதலாக, ஒரே பேட்ச்சில் வாங்குங்கள், அடுத்த வருஷம் அதே மாடல் கிடைத்தாலும் நிறம் லேசாக மாறியிருக்கும். மிச்சப் பெட்டியை அந்த பேஸ்மென்ட் தரையிலேயே வைத்துவிடாமல் மாடியில் எங்காவது காய்ந்த அலமாரியில் வையுங்கள்.